லீவு மூணு நாள்... முதுகு ஒடிய நாலு நாளா?

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். அங்கே வலைக்காரருக்கு ஆலைச் சங்கும் இல்லை, ஓவர்டைம் கணக்கும் இல்லை. ஆனால் "இன்னிக்கு யார் முறை?" என்ற கேள்வி மட்டும் உண்டு.

அதற்குப் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய 3 ஊராரும் ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வலுத்தவனே அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்று ஊரே வகுத்த சட்டம் இது!

ஆனால் முறை இல்லாத நாளுக்குச் சம்பளம் யார் தருவார்? வலைக்கு லீவு என்றால் அடுப்புக்கும் லீவுதான்.

ஆலைத் தொழிலாளி கதை வேறு. 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரல் 21-ல் தமிழக சட்டசபையில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு நாலே நாள் என்று வேலை வாங்க அது வழி திறந்தது. மிச்சம் மூணு நாள் ஓய்வாம்! தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் மசோதாவை வாபஸ் வாங்கினார்.

கணக்கைப் பாருங்கள். ஆறெட்டு 48. நாலு பன்னிரண்டும் 48. இதில் குறைந்தது என்ன? பஸ், ரயில் பயணத்தையும் சேர்த்தால் பெற்ற பிள்ளை முழித்திருக்கும்போது வீடு திரும்ப முடியுமா?

2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் 4 புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. அதிலும் வாரத்துக்கு அதே 48 மணிதான்.

வேலை நாளைக் குறைப்பது நல்ல காரியம். ஆனால் மணியும் குறையணும், கூலி குறையக்கூடாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை போடும் அரசு, அதற்காக மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணமும் தருகிறதே! சும்மா இருக்கச் சொன்னால் சோற்றுக்கும் வழி சொல்லணும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அவரும் மீனவர் குடும்பத்துப் பிள்ளைதான். அன்று ஏற்றிய கொடிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. எட்டு மணியை நீட்டுவது பற்றிப் பேசியது போதும். குறைப்பது பற்றி எப்போது பேசப்போகிறார்கள்?