முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

நமது வீட்டுச் சிறுமிக்குச் சென்ற மாதம் ஏழு வயது நிரம்பிற்று. வழக்கம்போல் காலையில் பாயஸம். மாலையில் கடையிலிருந்து வந்த கேக். வெட்டிய முதல் துண்டை எடுத்துக்கொண்டு குழந்தை நேரே தன் பாட்டியிடம் ஓடினாள்.

"எனக்கு வேண்டாம், கண்ணே! அதில் முட்டை இருக்கும்" என்றார் நமது தாயார்.

"போன வருஷமும் இதையேதானே சொன்னாய், பாட்டி?" என்றாள் சிறுமி.

கூடத்திலிருந்த பெரியவர்கள் எல்லோரும் உடனே வேறு விஷயம் பேசத் தொடங்கினோம். வீட்டார் அனைவரும் கூடி உண்ணும் பதார்த்தத்தில் வீட்டுக்கு மூத்தவருக்குப் பங்கில்லை என்பதை ஒரு குழந்தை எடுத்துக் காட்டும்படி ஆயிற்றே என்று நமக்கு மிகவும் வெட்கமாயிருந்தது.

பச்சைப் புள்ளியிட்ட முட்டையில்லாக் கேக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். வாஸ்தவந்தான். ஆனால், "அடுப்பும் தட்டும் ஒன்றுதானே?" என்பது தாயாரின் ஆட்சேபணை. எண்பத்திரண்டு வயதானவரோடு நாம் வாதம் செய்வதில்லை. ஆகவே வீட்டிலேயே, முட்டைக்குப் பதிலாகப் பழத்தைச் சேர்த்துக் கேக் செய்வதென்று தீர்மானமாயிற்று.

கேக்கில் ஒரு சாமானுக்குப் பதிலாகப் பழத்தைக் கொண்டு ஒப்பேற்றுவது நம் பக்கத்துக்குப் புதிதன்று. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில், மாம்பள்ளி பாப்பு என்பவர் ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்து விற்றுவந்தார். 1883-ஆம் வருஷம் பிரௌன் என்ற தோட்ட முதலாளி, சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றை அவர் முன் வைத்து, இதைப்போல் செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பக்கத்து ஊராகிய மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படி யோசனையும் சொன்னாராம். பாப்புவோ முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துக் காரியத்தை முடித்துவிட்டார். துரை ருசி பார்த்துவிட்டு, மேலும் ஒரு டஜன் வேண்டுமென்று சொன்னதாக அந்தக் குடும்பத்தார் வழிவழியாகக் கூறி வருகிறார்கள். பிரெஞ்சுப் பிராந்தியின் இடத்தில் நம் கதலி அமர்ந்த இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்?

ஆனால் பாப்பு மாற்றியது ஒரே ஒரு சாமானை. இதைக் கவனியாமற் போனதன் பலனை நாம் அனுபவித்தோம். முட்டைக்கு வாழைப்பழம் என்றால் வெண்ணெய்க்கு ஆப்பிள் கூழ் ஏன் கூடாது, ஜீனிக்குப் பேரீச்சம்பழம் ஏன் கூடாது என்று நமக்கு ஆவேசம் வந்துவிட்டது. இல்லத்தரசி ஒன்றும் சொல்லாமல் நம்மைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாம் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டோம். ஒன்றேகால் மணி நேரம் அடுப்பிலிருந்தும் உள்ளே களி. வெளியே தோல் செருப்பு. கேக் என்று சொல்லாமல் பஞ்சாமிர்தம் என்று சொல்லியிருந்தால் ஓரளவு மானமாவது மிஞ்சியிருக்கும்.

தோல்விக்குக் காரணம் தேடியபோதுதான், ஒவ்வொரு சாமானும் கேக்கில் என்ன உத்தியோகம் பார்க்கிறது என்பது விளங்கிற்று. முட்டைக்கு மூன்று உத்தியோகம். அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் மஞ்சட்கரு நெய்யையும் நீரையும் பிரியாமல் இணைக்கிறது. சூடு ஏறியதும் இறுகி, எழும்பிய கேக் மீண்டும் அமுங்காதபடி தாங்குகிறது. வாழைப்பழக் கூழ் ஈரத்தையும் பிசுபிசுப்பையும் தரும், ஓரளவு இணைக்கும். ஆனால் முட்டையைப்போல் சூட்டில் இறுகும் சக்தியோ, நுரையாகப் பொங்கும் சக்தியோ அதற்கு இல்லை. ஆகையால் ஒன்றிரண்டு முட்டை கேட்கும் கேக்கில், முட்டை ஒன்றுக்கு அறுபது கிராம் கூழ் என்று சேர்த்தால் பழுதில்லை. முட்டை நுரையை மட்டுமே நம்பி எழும்பும் ஸ்பாஞ்சு கேக்கில் இந்த வித்தை பலிக்காது. அதை விட்டுவிடுவதே உத்தமம்.

வெண்ணெயின் வேலை வேறு. மைதாவிலுள்ள புரதம் நீரில் நனைந்து சவ்வுபோல் இழுபடாமல் அது தடுக்கிறது. ஆப்பிளில் பெரும்பகுதி நீர். ஆகவே வெண்ணெய் முழுவதையும் நீக்கிவிட்டு அதைச் சேர்த்தால், தடுக்க வேண்டியதை நாமே வளர்த்தவர்களாவோம். பாதி மாற்றினால் தாங்கும். பேரீச்சம்பழத்தில் இனிப்புக்குக் குறைவில்லை, நிறமும் கனமும் கூடும், அவ்வளவுதான்.

மறுமுறை முட்டையை மட்டும் விலக்கினோம். மைதா இருநூறு கிராம், ஜீனி நூறு, உருக்கிய வெண்ணெய் எண்பது, மசித்த பழம் இருநூற்றைம்பது, தயிர் நான்கு மேஜைக்கரண்டி, சமையல் ஸோடா முக்கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காய். பழம் இவ்வளவு ஏன் என்றால், இதில் பால் சேர்ப்பதில்லை. ஈரத்துக்கும் இனிப்பில் ஒரு பங்குக்கும் அதுவே பொறுப்பு. காற்றைப் பிடிக்கும் முட்டை இல்லாததால், தயிரின் புளிப்பும் ஸோடாவும் கலந்து எழும் வாயுதான் கேக்கைத் தூக்க வேண்டும். எனவே கலந்தபின் மாவைக் காக்க வைக்கலாகாது. அதிகமாகக் கிளறவும் கூடாது. 175 டிகிரி சென்டிகிரேடில் ஐம்பது நிமிஷம் வெந்தது.

பழம் தோலெங்கும் கரும்புள்ளி விழுந்து, கூடையிலிருந்து எறிந்துவிடலாமா என்று தோன்றும் நிலையில் இருக்க வேண்டும். வாழைக்காயில் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. கனியக் கனிய அது சர்க்கரையாக மாறிவிடுகிறது. நாம் உபயோகித்தது பூவன். அதன் இலேசான புளிப்பு இதற்குப் பொருத்தமாயிருந்தது. நேந்திரம் இறுகல் ஜாதி. நாம் அதை எடுக்கவில்லை.

கேக் கடைச்சரக்கைப்போல் மெத்தென்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் கனம், வாசனை முழுவதும் வாழைப்பழமே. விருந்தாளிகளிடம், "முட்டை போட்டதுபோலவே இருக்கிறதல்லவா?" என்று கேட்காதிருப்பது நல்லது. வாழைப்பழக் கேக் என்று சொல்லியே பரிமாறலாம்.

பிறந்த நாள் கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆயினும் சிறுமி பிடிவாதமாக மெழுகுவத்தி ஏற்றச் சொல்லி, முதல் துண்டைப் பாட்டியிடம் கொண்டுபோனாள். தாயார் அதை முகர்ந்து பார்த்தார், விண்டு வாயிலிட்டார், சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. இல்லத்தரசி சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலக்காய் இன்னும் இரண்டு தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார் தாயார். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார்.