படிக்கட்டு யாருடையது?

பேரா ரப்பர்த் தோட்டங்களை விட்டு ஈப்போ நகரத்து மாடிவீடுகளில் குடியேறிய நம்மவர், லயத்தை விட்டாரேயன்றி லயத்துப் பணிவை விட்டாரில்லை. விளக்கில்லாத மாடிப்படியில் ஒரு கிழவி உருண்டு இடுப்பை ஒடித்துக்கொண்டால், "அவள் தலையெழுத்து" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கின்றோம். அதை எழுதியவன் பிரமனா, விளக்கை மாற்றாத கட்டடக்காரனா என்று நாம் கேட்கின்றோம்!

வாடகைக்கு விடுகிறவர் நம்மிடம் ஒப்படைப்பது வீட்டின் உட்புறத்தை மட்டுமே. படி, கைப்பிடி, நடைவழி, மின்தூக்கி முதலியவை கட்டடக்காரர் வசமே இருக்கின்றன. அவற்றில் ஓர் ஆணி அடிக்கவும் குடியிருப்பவனுக்கு உரிமையில்லை. அதிகாரம் ஒருவருக்கு, எலும்பு முறிவு மற்றொருவருக்கு என்பது எவ்வூர் நியாயம்?

இது நமது புது வாதமன்று. 1893-இல் இங்கிலாந்தில், மில்லர் எதிர் ஹான்காக் வழக்கில், பலர் வாடகைக்கிருந்த கட்டடத்திற்கு அலுவலாக வந்து தேய்ந்த பொதுப்படியில் விழுந்தவருக்கு, அப்படியைத் தம் வசம் வைத்திருந்த உரிமையாளரே பொறுப்பென மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பிற்காலத்து வழக்கொன்றில், குடியிருப்பவரோடு தங்கியிருந்த ஒரு மாது தேய்ந்த படியில் குதிகால் சிக்கி விழுந்தபோது, பிரபுக்கள் சபை அவளுக்கு நஷ்டஈட்டை மறுத்தது. அவள் அழைக்கப்பட்டவள் அல்லள், அனுமதிக்கப்பட்டவளே; பழுதோ கண்ணுக்குத் தெரிந்தது என்பது காரணம். படி ஒன்றே, வலி ஒன்றே. விழுகிறவர்களில் மட்டும் சாதி இரண்டு!

அந்தச் சாதியை இங்கிலாந்து 1957-இல் சட்டமியற்றி ஒழித்தது. நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டமோ, 7-4-1956 அன்று அங்கு வழங்கிய பொதுச்சட்டத்தையே தீபகற்பத்துக்கு அடிப்படையாக்கிற்று. மறு ஆண்டுச் சீர்திருத்தம் தானாகக் கப்பலேறி வரவில்லை. நம் நாடாளுமன்றமும் அதற்கீடாக ஒன்றை இயற்றவில்லை. இக்குறையை நீக்கும்படி நம் பிரதிநிதிகளைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அடுக்குமாடிகளின் பொதுவிடங்களைப் பழுதின்றி வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமையென 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் விதிக்கிறது. ஆயினும் நடப்பது யாது? வீட்டுக்காரர் நிர்வாகத்தைக் காட்டுகிறார். நிர்வாகம் வீட்டுக்காரரைக் காட்டுகிறது. லயத்தில் கூரை ஒழுகினால் துரையின் வாசலிலாவது போய் நிற்கலாம்; இங்கு எந்த வாசலில் நிற்பதென்றே விளங்கவில்லை.

"பராமரிப்புக் கட்டணம் பலர் கட்டுவதில்லை, காசின்றி விளக்கு எப்படி எரியும்?" என்பார்கள். கட்டாதவர் மீது வழக்கிட அதே சட்டம் வழி செய்திருக்கிறது. மாதந்தோறும் வாடகை செலுத்தும் ஏழையின் காலை ஒடித்து அக்கடனை வசூலிக்கலாமா?

தோழர்களே! உடைந்த படியைப் படமெடுத்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலைப் பத்திரப்படுத்துங்கள். அடிபட்டால் வழக்கிடத் தீபகற்பத்தில் பொதுவாக 6 ஆண்டு தவணையுண்டு. கட்டடம் அரசாங்கத்தினதோ நகராண்மையினதோ ஆயின் 36 மாதமே. தலையெழுத்தை மாற்ற முடியாதென்று நம்புகிறவர்களும் ஒரு புகார்க் கடிதம் எழுத முடியுமல்லவா?