கோட்டைக்கு என்ன வேலையாம்?

"குடியுரிமை டெல்லி விவகாரம், கோட்டைக்கு இதில் என்ன வேலை?" 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் திருப்போரூர் டீக்கடையிலும் இதே கேள்வி, டிவி விவாதத்திலும் இதே கேள்வி. 2024 மார்ச்சில் சட்டத்தின் விதிகள் வந்ததும், தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றார் முதல்வர் ஸ்டாலின். குடியுரிமை விஷயத்தில் சட்டமும் எங்களுடையது, அமலாக்கமும் எங்களுடையது, மறுக்க மாநிலங்களுக்கு உரிமையே இல்லை என்றார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. அன்றோடு டீக்கடைக் கேள்வி வேதவாக்காகிவிட்டது. கூடவே வரும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அரசமைப்பை மீறுகிறார்கள்" என்பது முதல் குற்றச்சாட்டு. குடியுரிமை மத்தியப் பட்டியலில்தான் இருக்கிறது, யார் மறுத்தார்கள்? 2021 செப்டம்பர் 8 அன்று சட்டமன்றம் போட்ட தீர்மானம், சட்டத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று மத்திய அரசை வலியுறுத்தியது. கேட்பதே மீறல் என்றால் மனுநீதி நாளையும் மூடிவிடலாம்.

அடுத்தது, "356ஆவது பிரிவு பாயும், ஆட்சி கலையும்." மிசோரமைப் பாருங்கள். மியான்மரிலிருந்து வருபவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் கடிதம் அனுப்பியது. எங்கள் ரத்த உறவுகளை எப்படி விரட்டுவது என்று முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்கே எழுதினார். 2023இல் அந்த அகதிகளிடம் பயோமெட்ரிக் பதிவு எடுக்கவும் அவரது அமைச்சரவை மறுத்தது. அவர் ஆட்சியை யாரும் கலைக்கவில்லை. அந்த ஆண்டு தேர்தலில் தோற்றுத்தான் இறங்கினார்.

"எல்லாம் ஓட்டுக்காக" என்பது இன்னொன்று. தீர்மானத்தை முன்மொழிந்த ஸ்டாலின் ஈழத்தமிழ் அகதிகளையும் சேர்த்துத்தான் பேசினார். முகாமில் இருப்பவருக்கு ஓட்டே கிடையாது. இவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதும் நினைவிருக்கட்டும். இந்துக்களைக் காக்க வந்த சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைப் பட்டியலிட்டது, இலங்கையை விட்டுவிட்டது. இலங்கையில் நல்லூர் கந்தனைக் கும்பிட்டவர் இங்கே வந்து திருப்போரூர் கந்தசாமியைக் கும்பிட்டால் இந்துக் கணக்கில் வரமாட்டார் போலும்.

இனி அசல் கேள்விக்கு வருவோம்: கோட்டைக்கு என்ன வேலை? எல்லா வேலையும் கோட்டைக்குத்தான். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் தந்த அதிகாரங்களை 1958இலேயே மாநிலங்களிடம் ஒப்படைத்தது மத்திய அரசு. எங்கள் மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டில் ஈழத்தமிழர்களை அடைத்து வைத்த சிறப்பு முகாம் ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. பேர்தான் முகாம், இடம் கிளைச்சிறை. வழக்கில் ஜாமீன் கிடைத்து வெளியே வந்தவரையும் அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். அவர்கள் உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். அடைக்கச் சொல்லும் உத்தரவு டெல்லியிலிருந்து வரவில்லை. தமிழ்நாடு போலீஸின் க்யூ பிராஞ்ச் எழுதியது, கோட்டை கையெழுத்திட்டது. அன்றைக்கு மட்டும் "கோட்டைக்கு என்ன வேலை" என்று ஒருவரும் மேடையேறவில்லை.

மற்ற முகாம்களிலும் அதேதான். தலைக்கணக்கு எடுக்கும் செக்கிங் நாளன்று ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பதிவேட்டோடு வந்து உட்காருவார். வெளியூரில் பெயிண்டிங் வேலையில் இருப்பவர் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து நேரில் முகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும். அந்த ஆர்.ஐ. மாநில அரசு ஊழியர்.

மாநிலம் இல்லாமல் வேலை நடக்காது என்பது டெல்லிக்கும் தெரியும். 2009ஆம் ஆண்டு விதிகளின்படி குடியுரிமை விண்ணப்பம் கலெக்டரிடம் போனது. 2024இல், திருத்தச் சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பங்களுக்குக் கலெக்டரைக் கழற்றிவிட்டார்கள். மாவட்டக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அஞ்சல் கண்காணிப்பாளர்! மாநில அளவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர். மாவட்டக் குழுவில் மாநிலத்தின் பங்காக, கலெக்டர் அலுவலகத்திலிருந்து துணை வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர். அவரும் வெறும் அழைப்பாளர். மாநிலம் ஒத்துழைக்காவிட்டால் சட்டம் நகராது என்ற பயம் இல்லாமலா, மணியார்டர் பார்த்தவர்களிடம் குடியுரிமையைக் கொடுத்தார்கள்? மாநிலத்துக்கு இதில் வேலையே இல்லை என்றால், கலெக்டரைச் சுற்றிக்கொண்டு தபாலாபீஸ் வாசலுக்கு ஏன் போக வேண்டும்? அமித் ஷா சொன்னதை அவருடைய அமைச்சகத்தின் விதிகளே மறுத்துவிட்டன.

"தேசப் பாதுகாப்பு என்ன ஆவது?" ஆவணமில்லாத வங்கதேசத்தவரைத் தமிழ்நாடு போலீஸ் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது; எந்தத் தீர்மானமும் குறுக்கே நிற்கவில்லை. ஓ.எம்.ஆர். சாலைக் கட்டடங்களில் கம்பி கட்டும் மேற்கு வங்கத்துக்காரரை, அவர் பேசும் மொழியை வைத்து வங்கதேசி என்று சந்தேகிப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது மத்திய அரசு. குடியுரிமை இன்னும் இல்லை. தமிழ்நாடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த அரைகுறை விலக்காவது வந்திருக்குமா?

பதிவேடு, செக்கிங், சிறைக்காவல் எல்லாவற்றுக்கும் மாநிலத்தின் ஆள் வேண்டும், சட்டத்தைப் பற்றி அதன் கருத்து மட்டும் வேண்டாம் என்பதற்குப் பெயர் கூட்டாட்சி என்றால், கொத்தடிமைக்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.