பழைய யந்திரத்துக்கு ஒரு கர்னல்

ஒரு கம்ப்யூட்டர் பழுதுபட்டு நின்றுபோவது வேறு. அதன் உறுப்புகளில் ஒன்றுகூடக் கெடாமலிருக்க, அதைச் செய்து விற்ற ஸ்தாபனமோ அதற்கு மென்பொருள் அளிக்கும் ஸ்தாபனமோ இனிமேல் கவனிக்கமாட்டோம் என்று அறிவித்துவிட்ட ஒரே காரணத்தால் அது குப்பைக்குப் போவது வேறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தபோது, அடுத்த பதிப்பு வேண்டுகிற பாதுகாப்புச் சிப்பும் புதிய ரகப் பிராசசரும் தம்மிடம் இல்லை என்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கம்ப்யூட்டர்கள் இந்த இரண்டாவது கதிக்கு ஆளாயின. ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது 22.3 சதவீதந்தான். இந்த நிலைமையை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வழி உண்டு என்பதற்கு, பிறந்து கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒரு சிறிய யந்திரத்தின் சரித்திரம் சாட்சி சொல்கிறது.

1995-ஆம் ஆண்டில் ஆரக்கிள் ஸ்தாபனத்தின் தலைவர் லாரி எல்லிசன், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பெரிய கம்ப்யூட்டர் எதற்கு, டிஸ்க் இல்லாததும் 500 டாலருக்குள் அடங்குவதுமான ஒரு பெட்டி போதுமே, அதற்கு வேண்டிய புரோகிராம்களும் கோப்புகளும் நெட்வொர்க்கின் மறுமுனையிலுள்ள சர்வரில் இருந்துகொள்ளட்டுமே என்ற யோசனையை உலகறியப் பேசத் தொடங்கினார். 'நெட்வொர்க் கம்ப்யூட்டர்' என்ற பெயர் அப்போதுதான் பிரசித்தி பெற்றது. 1996 மே மாதத்தில் ஆரக்கிள், சன், ஐபிஎம், ஆப்பிள், நெட்ஸ்கேப் ஆகிய ஐந்தும் சேர்ந்து அத்தகைய யந்திரத்துக்குரிய பொது லட்சணங்களை வகுத்து வெளியிட்டன. சன் தன் ஜாவாஸ்டேஷனை அதே ஆண்டு அறிவித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த ஏகார்ன் ஆரக்கிளுக்காக ஒரு மாதிரியை வடிவமைத்துத் தந்தது. ஆனால் சாதாரணக் கம்ப்யூட்டரின் விலையே 1997-இல் ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிவிடவே, டிஸ்க் இல்லாத பெட்டியை வாங்கும் அவசியம் ஜனங்களுக்குத் தோன்றவில்லை. யோசனை மங்கியது, பெட்டிகள் அலமாரிகளுக்கும் கிடங்குகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பெட்டிகளில் ஒன்று, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் ஸ்தாபனம் மற்றவர்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று செய்த 'ஷார்க்'. அதன் இருதயமான ஸ்ட்ராங்ஆர்ம் பிராசசர் 233 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியும் சுமார் ஒரு வாட் மின்சாரமே செலவழித்தது. நொடிக்கு 10 மெகாபிட் செல்லக்கூடிய ஈதர்நெட், ஒரு சிறிய கிராஃபிக்ஸ் சிப், ஒலிச் சிப், பிரிண்டர் வாசல், ஸ்மார்ட் கார்டு செருகும் இடம், இவைதான் அதன் முக்கியமான சொத்து. 1998-இல் டிஜிட்டலைக் காம்பேக் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஸ்ட்ராங்ஆர்ம் இன்டெலிடம் போயிற்று. பெற்றெடுத்த ஸ்தாபனமே பெயரளவிலும் இல்லாமற்போன பிறகு ஷார்க்கின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆயினும் 2024 மார்ச்சில் வெளியான நெட்பிஎஸ்டி 10 என்னும் இயங்குதளத்தில் ஷார்க்குக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. விரும்பியவர் எவரும் அதன் மூலநிரலை எடுத்து, தம் ஷார்க்குக்கு இன்றைய கர்னல் ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதிலேதான் நான் சொல்லவந்த விஷயம் அடங்கியிருக்கிறது.

கர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவதும், பிராசசரின் நேரத்தைப் புரோகிராம்களுக்கு முறைவைத்துக் கொடுப்பதும், ஒவ்வொரு சிப்போடும் அதற்குப் புரிந்த விதத்தில் பேசுவதும் அதன் வேலைகள். ஒரு சிப்போடு பேசும் பகுதியை டிரைவர் என்கிறோம். விற்பனைக்கு வரும் இயங்குதளத்தில் கர்னல் மூடி முத்திரையிடப்பட்டதாகவே வந்து சேருகிறது; அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்கும் அதிகாரம் வாங்கியவருக்கு இல்லை. நெட்பிஎஸ்டியில், அதே போன்ற பிற சுதந்திர இயங்குதளங்களிலும், அந்த அதிகாரம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பின் வடிவத்தில் கையில் கிடைக்கிறது. ஜெனரிக் என்ற பெயருள்ள அந்தக் கோப்பைப் பிரதியெடுத்து, வேறு பெயரிட்டு, வரிவரியாகப் படித்து, வேண்டாதவற்றின் முன்னே ஒரு குறியிட்டு நீக்கி, வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு, கான்ஃபிக் என்ற புரோகிராமிடம் ஒப்படைத்தால், அந்த ஜாபிதாவுக்கு ஏற்ற மூலநிரல்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கர்னலைத் தொகுக்கும் ஏற்பாட்டை அது செய்துதருகிறது.

அந்தக் கோப்பைப் படிப்பதே ஒரு சிறந்த கல்வி என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு வரியும் இன்ன சாதனம் இன்னதன்மேல் அமர்ந்திருக்கிறது என்று சொல்கிறது: வேரிலே, சிப்களை இணைக்கும் தடமான பஸ் ஒன்று, அந்தப் பஸ்ஸின்மேல் இன்னொரு பஸ், அதன்மேல் ஈதர்நெட் சிப், அருகே விசைப்பலகை, பிரிண்டர் வாசல், ஒலிச் சிப் என்று யந்திரத்தின் வம்சாவளி முழுவதும் கண்முன்னே விரிகிறது. நடுவிலுள்ள பஸ்ஸின் வரியை நீக்கிவிட்டு அதன்மேல் அமர்ந்த சிப்பின் வரியை வைத்துக்கொண்டால், ஆதாரமற்று நிற்கும் வரி இது என்று கான்ஃபிக் எச்சரிக்கிறது. மூடிய பெட்டியாக வைத்து வருஷக்கணக்கில் ஒரு கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியவர்கூட அறிந்திராத அதன் அமைப்பை, ஒரு மாணவன் இந்த ஒரே கோப்பிலிருந்து சம்பூரணமாகத் தெரிந்துகொள்கிறான். ஜெனரிக் கர்னலோ அந்த ரகத்து யந்திரம் எதில் ஏற்றினாலும், எந்த உபசாதனத்தைச் சேர்த்தாலும் வேலைசெய்யும்படி எல்லா டிரைவர்களையும் எல்லாக் கோப்பு முறைகளையும் சுமந்துகொண்டு நிற்பது. இரண்டு பேருக்குக் காப்பி போடக் கல்யாண வீட்டு அண்டாவை அடுப்பிலேற்றுவது போன்றது, அதைச் சிறு நினைவகமுள்ள ஷார்க்கில் அப்படியே ஓட்டுவது. புரோகிராம்களுக்குரிய நினைவகத்தை, நெருக்கடி வந்தால் வெளியே ஒதுக்கிவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கர்னல் பிடித்துக்கொண்ட இடமோ யந்திரம் அணையும்வரை அதற்கே சொந்தம். ஆகையால் நீக்கும் ஒவ்வொரு வரியும் புரோகிராம்களுக்குத் திரும்பக் கிடைக்கும் இடமாகிறது.

டிஸ்க் இல்லாத யந்திரத்தில் இதற்கு இன்னொரு பிரயோஜனமும் உண்டு. யந்திரத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஃபர்ம்வேர், விழித்தெழுந்தவுடன் டிஹெச்சிபி மூலம் தன் முகவரியைக் கேட்டு வாங்குகிறது. பிறகு இத்தகைய யந்திரங்களில் வழக்கமான டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் கர்னல் கோப்பைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்கிறது. 1980-களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட அந்த முறை, கோப்பை 512 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒரு துண்டு வந்து சேர்ந்ததென்று மறுமுனை ஒப்புக்கொண்ட பிறகே அடுத்ததை அனுப்புவது. கர்னல் 4 மெகாபைட் என்றால் 8,192 துண்டுகள், அத்தனைக்கும் ஒப்புதல்கள். அதைப் பாதியாகக் குறைத்தால் துண்டுகளும் பாதியாகின்றன. ஒரே நேரத்தில் பல பெட்டிகள் விழித்தெழும் ஒரு வகுப்பறையில் இதன் பயன் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் நீக்குவதில் விவேகம் வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விளக்கிச் சொல்வது அவசியம். கர்னலே நெட்வொர்க் வழியாகத்தானே வந்தது, ஆகையால் நெட்வொர்க் வேலைசெய்கிறது, அதைப்பற்றிக் கவலை இல்லை என்று நினைத்துவிடுவது இயல்பு. உண்மையோ வேறு. கர்னலைக் கொண்டுவந்து சேர்த்தது ஃபர்ம்வேரின் கை. கர்னல் பொறுப்பேற்ற பிறகு ஈதர்நெட் சிப்போடு பேசவேண்டியது கர்னலின் சொந்த டிரைவர். அது மட்டுமல்ல, முகவரியை மறுபடியும் கேட்டு வாங்கவேண்டியதும், சர்வரிலுள்ள ஒரு கோப்பகத்தைத் தன் வேர்க் கோப்பகமாக ஏற்றிக்கொள்ள வேண்டியதும் கர்னலே. இதற்காக ஈதர்நெட் சிப்பின் வரி, 1984-இல் சன் ஸ்தாபனம் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் வரி, துவங்கும்போதே டிஹெச்சிபி மூலம் முகவரி பெறுவதற்கான வரி, வேர் இன்ன சிப்பின் வழியே இன்ன முறையில் கிடைக்கும் என்று குறிப்பிடும் வரி, இந்த நான்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் கர்னல் இறங்கி வரும், ஓடத் தொடங்கும், சிப்களின் பெயர்களைத் திரையில் சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் வேர் எங்கே என்று கேட்டு நின்றுவிடும்.

அப்படி நின்றாலும் நஷ்டம் ஒன்றுமில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் கர்னலைத் தொட்டால் யந்திரமே கெட்டுவிடும் என்ற பயம் படித்தவர்களிடையேயும் வேரூன்றியிருக்கிறது. நெட்வொர்க் கம்ப்யூட்டரில் கர்னல் யந்திரத்துக்குள்ளே பதிவதே இல்லை. சர்வரில் ஒரு கோப்பாக இருக்கிறது. புதியது சரிப்படாவிட்டால் பழைய கோப்பின் பெயரை மீட்டுவைத்து யந்திரத்தை மறுபடி எழுப்பினால் போதும். தொகுக்கும் வேலையையும் அந்த ஏழைப் பெட்டியே செய்யவேண்டியதில்லை: 2002-இல் வெளியான நெட்பிஎஸ்டி 1.6 முதற்கொண்டு, லினக்ஸோ வேறு யூனிக்ஸ் ரகமோ ஓடும் எந்த நல்ல கம்ப்யூட்டரிலும் அமர்ந்து, வேறு பிராசசருக்கான கர்னலைத் தொகுக்கும் வசதி அதனோடேயே கிடைக்கிறது. கர்னல் கல்வியைத் தொடங்குவதற்கு இதைவிட அபாயம் குறைந்த சாதனத்தை நான் அறியேன். நம்முடைய பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் தங்கள் கிடங்குகளில் உறங்கும் பழைய கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் வழியே எழுப்பும்படி அமைத்து, மாணவர்களின் கையில் கொடுக்க வேண்டும்.

ஷார்க் இன்றும் எழுகிறதென்றால், அதற்குத் தன்னலம் கருதாத தன்னார்வலர்களின் உழைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், அதை ஆக்கியவர்கள் மூடாமல் விட்டுச்சென்ற கதவுகள். ஷார்க்குக்குரிய மூலநிரல் கோப்புகள் பலவற்றின் தலைப்பில் 1997 என்ற ஆண்டோடு டிஜிட்டலின் பெயரே பதிப்புரிமையாளராக இருக்கிறது. பிறர் பிரதியெடுக்கவும் மாற்றவும் அங்கேயே அனுமதி எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஃபர்ம்வேர், 1994-இல் பொதுத் தரமாக வகுக்கப்பட்ட ஓப்பன் ஃபர்ம்வேர். என்னிடம் இன்ன சாதனங்கள் இன்ன முகவரியில் இருக்கின்றன என்று கேட்டவருக்கெல்லாம் அது ஒளிக்காமல் சொல்கிறது. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் எத்தனை கெட்டிக்காரர் முயன்றாலும் ஒவ்வொரு சிப்பையும் இருட்டில் தடவித்தான் அறியவேண்டியிருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது, சுதந்திர இயங்குதளங்களும் பழையவற்றைக் கைவிடுவதில்லையா என்று கேட்கலாம். கைவிடுகின்றன. 1991-இல் லினக்ஸ் பிறந்தது 386 சிப்பின்மேல். 2013-இல் வெளியான 3.8 பதிப்பிலிருந்து அந்த 386-க்கே லினக்ஸில் இடமில்லை. 2018-இல் வெளியான 4.17 பதிப்பில் உபயோகிப்பார் அற்றுப்போன எட்டு ரகப் பிராசசர்களுக்கான பகுதிகள் ஒருசேர நீக்கப்பட்டன. ஆளில்லாத பகுதியை அவர்கள் நீக்குவது நியாயமே என்பது என் எண்ணம். நீக்கியதும் பழைய மூலநிரலில் பொதுச்சொத்தாகவே இருக்கிறது, வேண்டியவர் எடுத்து வளர்க்கலாம். ஒரு ஸ்தாபனம் பூட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்போது அப்படி எடுத்து வளர்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. இன்று நம் கைகளிலுள்ள ஆண்ட்ராய்டு போன்களில் லினக்ஸ் கர்னல்தான் ஓடுகிறது. கர்னலின் மூலநிரலைத் தரவேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனையும்கூட. இருந்தும் கர்னலை ஏற்றிவிடும் புரோகிராமான பூட்லோடர் பூட்டப்பட்டிருப்பதாலும், முக்கியமான டிரைவர்களின் பகுதிகள் மூலநிரலின்றி வெறும் பைனரியாக வருவதாலும், நான்கைந்து ஆண்டுகளில் கைவிடப்படும் ஒரு போனின் கதி, 1997-இல் பிறந்த ஷார்க்கின் கதியைவிடப் பரிதாபமானதாக இருக்கிறது.

சிப்பின் விவரங்களை வெளியிட்டால் வியாபார ரகசியம் போய்விடும் என்பது ஸ்தாபனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். விற்பனையில் இருக்கும் புதிய சிப்பைப் பற்றி அது பொருந்தலாம். தாங்களே செய்வதை நிறுத்திவிட்ட, திருத்தங்களும் தரமறுக்கிற ஒரு சிப்பின் ரெஜிஸ்டர் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் போட்டியாளர் என்ன லாபம் சம்பாதித்துவிட முடியும்? இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பொருள் கழிவானபின் அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. பழையதைச் செப்பனிட்டு மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் அவ்விதிகளில் ஸ்தானம் உண்டு. ஆனால் செப்பனிடுகிறவரின் கையில் கர்னலுக்கு வேண்டிய விவரமே இல்லாவிட்டால், திரையையும் பாட்டரியையும் மாற்றுவதோடு அவர் வேலை நின்றுவிடுகிறது. ஆதரவை நிறுத்தும் தேதியை அறிவிக்கும் உற்பத்தியாளர், அந்தத் தேதிக்குள் பூட்லோடரைத் திறக்கும் வழியையும், யந்திரத்திலுள்ள சிப்களின் விவரங்களையும், தாம் விற்ற கர்னலையும் டிரைவர்களையும் மறுபடி தொகுக்கத் தேவையான மூலநிரல் முழுவதையும் வெளியிட்டாக வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு ஷரத்தைச் சேர்க்குமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தைக் கேட்பதற்கு, விதிகள் அடுத்தமுறை திருத்தத்துக்கு வரும் சமயமே உகந்தது.