கரையை அறியும் கடற்பயணம்

முற்காலத்தில் மக்கள் கடல்மேற் சென்றது பெரும்பாலும் தேவையின் பொருட்டேயாகும். வணிகர் பொருள் ஈட்டச் சென்றனர். மாலுமியர் கூலிக்குச் சென்றனர். கற்றோர் கல்வி நாடியும், புனிதப் பயணியர் தம் கடமையை நிறைவேற்றவும் சென்றனர். அலையையும் வானையும் கண்டு களிப்பதற்காகவே கப்பலேறியவர் மிகச் சிலர். இன்றோ, இன்பம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு கடலிற் செல்லுதல் உலகெங்கும் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழில் நம் கரைகளையும் நாடி வரும் இவ்வேளையில், எத்தகைய கடற்பயணத்தை நாம் வரவேற்றல் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும்.

இவ்வினாவுக்கு விடை காண, தமிழ் பயில்வோர் கையில் ஓர் அளவுகோல் உள்ளது. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும் நம் இலக்கணத்தார் நிலத்தைச் சொன்னதோடு நிறுத்திவிடவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர்; அந்நிலத்துக்குரிய உணவு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றனர்; அங்கு வாழ்வார் நெஞ்சில் விளையும் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றனர். இம்மூன்றும் கூடிய இடத்தே திணை பிறக்கிறது. மணலையும் அலையையும் மாலைக் கதிரவனையும் மட்டும் கண்டு திரும்புவோர் முதற்பொருளைக் கண்டவரேயன்றி நெய்தலைக் கண்டவர் ஆகார்.

கரைகளின் எழில் காணச் செல்லும் பயணம், அக்கரைகளில் வாழ்வார்க்கும் பயன்படும் கப்பலில், அவர்தம் ஊர்களில் இறங்கித் தங்கும் முறையில் அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இன்பக் கப்பலின் தோற்றமும் வளர்ச்சியும்

இன்பக் கடற்பயணத்தின் வரலாறு நீண்டதன்று. கல்கத்தாவில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1844ஆம் ஆண்டில் ஒரு கப்பல் நிறுவனத்தின் இலவசப் பயணச்சீட்டில் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கெய்ரோ வரை சென்று வந்து, அப்பயணத்தை நூலாக எழுதினார். பின்னர், ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் நிறுவனம் ஒன்றை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகள் குறைந்து கப்பல்கள் வீணே நிற்பதைக் கண்டார். 1891 சனவரியில் ‘அகுஸ்தா விக்டோரியா’ என்னும் கப்பலில் 241 பயணிகளை ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். அப்பயணத்தின் வெற்றியே இத்தொழிலுக்கு வித்தாயிற்று.

அவ்வித்து இன்று ஆலமரமாகிவிட்டது. 2024 சனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்னும் கப்பலில் இருபது தளங்கள், ஏழு நீச்சற் குளங்கள், 7,600 பயணிகள் வரை தங்கும் வசதி ஆகியன உள்ளன. அங்காடி, அரங்கு, பூங்கா, உணவகம் அனைத்தும் கப்பலுக்குள்ளேயே அமைந்துள்ளன. இத்தகைய கப்பலில் செல்வார்க்குக் கரை எதற்கு? கப்பலே ஊராகிவிட்டபின் ஊர் வெறும் ஓவியமாகிவிடுகிறது. காலையில் இறங்கிய சில ஆயிரவர் நிழற்படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடுவர். உணவும் உறக்கமும் கப்பலில் இருப்பதால் கரையூரார்க்குக் கிட்டும் வருவாயும் குறைவே. கூட்டமும் குப்பையும் புகையும் அவர்க்கு எஞ்சுகின்றன.

கரையை ஓவியமாகக் கருதுவதன் தீமை சில வேளைகளில் உயிரிழப்பாகவும் முடிந்துள்ளது. 2012 சனவரி 13 அன்று இரவு, ‘கோஸ்டா கான்கோர்டியா’ என்னும் பெருங்கப்பல் இத்தாலி நாட்டுக் ஜீலியோ தீவின் அருகே பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் இறந்தனர். தீவுக்கு வணக்கம் செலுத்துவது போலக் கரையை ஒட்டிச் செல்லும் வீண்பெருமையே கப்பல் வழிமாறியதற்குக் காரணமாயிற்று. வெனிசு நகரில் 2019 சூன் 2 அன்று ஓர் இன்பக் கப்பல் கட்டுப்பாடிழந்து கரைமேடையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதியது. அந்நகர மக்கள் பல்லாண்டுகள் போராடிய பின்னரே, 2021 ஆகஸ்டு முதல், பெருங்கப்பல்கள் நகர மையத்து நீர்வழியில் நுழைவது தடுக்கப்பட்டது. தம் ஊரின் அழகைக் காண வருவோரிடமிருந்தே ஊரைக் காக்க வேண்டிய நிலை அவர்க்கு நேர்ந்தது.

அஞ்சற் கப்பல் காட்டும் வழி

இதற்கு மாறான ஒரு முறையை நார்வே நாட்டிற் காண்கிறோம். அந்நாட்டின் மேற்குக் கரை உலகின் எழில்மிகு கரைகளுள் ஒன்று. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளிற் கடல்நீர் புகுந்து, செங்குத்தான மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு உள்நாட்டில் நீண்டு கிடக்கிறது. ஃபியோர்டு எனப்படும் இந்நீர்நிலைகளைக் காண உலகோர் பெருகி வருகின்றனர். ஆனால் அக்கரையின் புகழ்பெற்ற கப்பல் வழி, காட்சிக்காகத் தோன்றியதன்று, கடிதத்துக்காகத் தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து வடகோடியிலுள்ள ஹம்மர்ஃபெஸ்ட் நகருக்கு ஒரு கடிதம் சென்று சேரக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் ஆகும். வடகரையில் கலங்கரை விளக்கங்கள் மிகச் சில. குளிர்காலத்திலோ பல வாரங்கள் கதிரவனே தோன்றுவதில்லை. அவ்விருளில் கால அட்டவணைப்படி கப்பல் விட இயலாது என்று பெரிய நிறுவனங்கள் மறுத்துவிட்டன. ரிச்சர்டு வித் என்னும் கப்பல் தலைவர் மட்டும் முன்வந்தார். திசை, வேகம், நேரம் ஆகியவற்றைப் பல பயணங்களில் நுணுக்கமாகக் குறித்து வைத்திருந்தவர் அவர். அரசின் ஒப்பந்தத்தைப் பெற்று, 1893 சூலை 2 அன்று ‘வெஸ்தரோலன்’ என்னும் நீராவிக் கப்பலை ட்ரோண்ட்ஹைமிலிருந்து செலுத்தினார். ஐந்து மாதம் அலைந்த கடிதம் ஏழு நாளிற் சென்று சேர்ந்தது.

அவ்வழி இன்று தெற்கே பெர்கன் முதல் வடகிழக்கே கிர்க்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டுச் செல்கிறது. சென்று திரும்பப் பன்னிரண்டு நாள் அளவாகும். 2021 முதல் இரு நிறுவனங்கள் அரசின் ஒப்பந்தப்படி இதனை நடத்தி வருகின்றன. சரக்குகளையும், ஒரு துறையில் ஏறி மறு துறையில் இறங்கும் உள்ளூர் மக்களையும் ஏற்றிச் செல்லுதல் அவ்வொப்பந்தத்தின் கடப்பாடு. நள்ளிரவாயினும் கப்பல் சிற்றூர்த் துறையில் நிற்கும், சரக்கு இறங்கும், ஊரார் ஏறுவர். மேல்தளத்தில் நின்று மலையழகைக் காணும் வெளிநாட்டார், தாம் ஏறியுள்ள கப்பல் தமக்காக மட்டும் ஓடுவதன்று என்பதை ஒவ்வொரு துறையிலும் உணர்வர்.

இம்முறையிற் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. சாலைகளும் வானூர்திகளும் பெருகியபின் அக்கப்பல்களில் உள்ளூர்ப் பயணியர் குறைந்து சுற்றுலாப் பயணியர் மிகுந்துள்ளனர். எனினும், கரை மக்களின் தேவையை அடிப்படையாகவும் இன்பத்தை அதன்மேல் எழுந்த பயனாகவும் கொண்ட அமைப்பு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துள்ளமை எண்ணத்தக்கது. உலக மரபுச் சின்னங்களாக 2005இல் ஏற்கப்பட்ட தன் ஃபியோர்டுகளில் புகையற்ற கப்பல்களே செல்ல வேண்டும் என்று அந்நாடு விதி வகுத்ததும் குறிப்பிடத்தக்கது. 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 முதலும், பெரியவற்றுக்கு 2032 முதலும் அவ்விதி பொருந்தும்.

அண்டையிலுள்ள தீவுகள்

இம்முறை செல்வ நாடுகளுக்கே இயலும் என்பார்க்கு, நம் நாட்டு இலட்சத்தீவுகளைக் காட்டலாம். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவிற் சிதறிக் கிடக்கும் அத்தீவுகளுள் மக்கள் வாழ்பவை பத்து. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ளோர் 64,473 பேர். நோயாளியும் மாணவரும், அரிசியும் மருந்தும் கப்பலையே பெரிதும் நம்பியிருக்கும் நிலம் அது. 2008 முதல் ஓடிய ‘கவரத்தி’ என்னும் கப்பல், தீவு மக்களையும் சுற்றுலாப் பயணியரையும் ஒருங்கே ஏற்றிச் சென்றது. பகலில் தீவில் இறங்கிக் காண்பதும் இரவிற் கப்பலில் உறங்குவதுமான பயணத் திட்டத்தை அரசே வகுத்தது. தென்னை நார் திரிப்போரையும், மினிக்காய்த் தீவில் தூண்டிலிட்டுச் சூரை மீன் பிடித்து மாசியாகப் பதப்படுத்துவோரையும் அப்பயணியர் நேரிற் காண வாய்ப்புற்றனர்.

மாசி என்றவுடன் இபுனு பதூதா நினைவுக்கு வருகிறார். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் மினிக்காய்க்குத் தெற்கேயுள்ள மாலைத்தீவுகளை அடைந்த அப்பெரும்பயணி, கரையை விலகி நின்று பார்த்துச் செல்லவில்லை. அங்கே தங்கிக் காழியாகப் பணியாற்றினார். தென்னை நாரால் மரக்கலப் பலகைகள் தைக்கப்படுவதையும், மீன் உலர்த்தி ஏற்றுமதி செய்யப்படுவதையும் தம் நூலிற் பதிவு செய்தார். ஆறு நூற்றாண்டுக்குப் பின்னும் அந்நூல் வரலாற்றார்க்குச் சான்றாக விளங்குவது, அவர் கரைவாழ்வில் கலந்து நின்றமையால்தான்.

இலட்சத்தீவிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கப்பல்கள் குறைந்த காலங்களில் இடம் கிடைக்காமல் தீவு மக்கள் அல்லலுற்றதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டுள்ளன. இன்பம் நாடி வருவோர் மிகும்போது மருத்துவமனைக்குச் செல்வாரின் இருக்கை பறிபோகுமாயின், அப்பயணத்தின் இன்பம் அறமற்றதாகும். ஆகவே பொதுக் கப்பலில் உள்ளூரார்க்கு முதலிடம் என்பது எழுதப்பட்ட விதியாதல் வேண்டும்.

நம் கரையின் நிலை

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கரை தமிழகத்துக்கு உண்டு. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகூர், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என அக்கரையில் வரலாறு செறிந்த ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆயினும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கடல்வழியே செல்லும் பயணக் கப்பல் நமக்கு இல்லை. கடலை முதுகுக்குப் பின்னே விட்டுச் சாலையிற் செல்லும் மக்களாகிவிட்டோம்.

முன்னர் நிலைமை இவ்வாறு இல்லை. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற் போக்குவரத்து, 1964 திசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை இரு கரைகளையும் இணைத்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூருடன் பிணைத்தது. அக்கப்பலின் மேல்தளத்திற் பாய் விரித்துப் பயணம் செய்த பெரியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். அவர்கள் இன்பப் பயணியர் அல்லர்; எனினும் கடலை அவர்கள் அறிந்த அளவுக்கு இன்றைய இன்பப் பயணியர் அறிவாரா என்பது ஐயமே.

அண்மை ஆண்டுகளில் இருவகை முயற்சிகள் நம் கரையில் நிகழ்ந்தன. 2022 சூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இன்பக் கப்பலொன்று புறப்பட்டது. அது புதுச்சேரிக் கரையை அடைய அவ்வரசு இசைவளிக்கவில்லை. சூதாட்டம் பற்றிய அச்சமே காரணமாகப் பேசப்பட்டது. அவ்வச்சம் நியாயமானதே. எனினும் சூதை நீக்கிவிட்டாற் போதும் என்று நாம் அமைந்துவிடலாகாது. கரையைத் தொடாத கப்பல் கரைக்கு என்ன தரும் என்னும் வினா அப்போதும் எஞ்சி நிற்கும்.

மற்றொன்று, 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கப்பெற்ற பயணியர் கப்பல். பருவமழையால் சில நாளில் நின்ற அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. உறவினரைக் காணச் செல்வாரும், வணிகரும், கடலழகு காண விழைவாரும் ஒரே கலத்தில் அமர்ந்து நான்கு மணி நேர அளவில் மறுகரை சேர வழி செய்த முயற்சி அது. அளவிற் சிறிதாயினும் நாம் போற்றி வளர்க்க வேண்டிய வகை இதுவே.

மறுப்புக்கு விடை

பெருங்கப்பல் முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் ஏந்தானது என்றும், துறைமுகத்துக்கு வருவாயும் இளைஞர்க்கு வேலையும் தருவது என்றும் கூறுவர். இவை முற்றும் பொய்யல்ல. கரையோரக் கப்பல் அரசின் பொருளுதவியின்றி ஓடுதல் அரிது என்பதும் உண்மையே. ஆனால் சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் பொதுப்பணம் செலவிடும் அரசு, கடல்வழிக்கும் சிறிது செலவிடுதல் முறையற்றதாகாது. வருவாய் என்பதையும் துறைமுகக் கட்டணத்தால் மட்டும் அளத்தல் தகாது. கரையூரில் ஓரிரவு தங்கும் ஒரு குடும்பம், உணவு சமைப்பவர்க்கும், படகோட்டிக்கும், வழிகாட்டும் மாணவர்க்கும் நேரே பொருள் தருகிறது.

ஆகவே, நம் கரையில் இன்பக் கப்பல் வேண்டுவோர் சில நெறிகளை ஏற்றல் வேண்டும். உள்ளூரார்க்கு இருக்கையும் குறைந்த கட்டணமும் உறுதி செய்யப்பட வேண்டும். ஒரு துறையில் ஒரு நாளில் இறங்குவோர் தொகை, அவ்வூரின் குடிநீருக்கும் தெருவுக்கும் ஏற்ப அமைதல் வேண்டும். மீனவர் வலைவிரிக்கும் நீர்ப்பரப்பும், மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் கப்பல் வழிக்கு அப்பாற் காக்கப்பட வேண்டும். வழித்தடம் வரையும் அவையில் கரை மக்களுக்கு இடம் வேண்டும்.

இளைஞர்க்கும் ஒரு பணி உண்டு. விடுமுறையிற் கடற்கரை செல்லும் மாணவர், அலையைக் கண்டதோடு திரும்பாமல், அவ்வூர் மரக்கலத்தின் உறுப்புகளுக்கும், காற்று வகைகளுக்கும், மீன் வகைகளுக்கும் மீனவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வருக. ரஜூலாவில் சென்ற பெரியோரிடம் அவர் கண்டதைக் கேட்டுத் தொகுக்க. அகராதிகளில் ஏறாத நெய்தற் சொற்கள் பல அவர்கள் நாவில் வாழ்கின்றன. அவர்களோடு அவை மறைவதற்கு முன் தமிழ்த்துறை அவற்றைச் சேர்த்து வைத்தல் வேண்டும். கப்பல் வரும் நாளில், வருவோர்க்குக் கரையின் கதையைச் சொல்ல நம்மிடம் ஆளும் ஏடும் ஆயத்தமாக இருக்கட்டும்.