மீனுக்கு மேக்கப்

மீன் பிடிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பிடித்தவர்கள், பிடிக்கப் போனவர்கள். அமெரிக்காவில் மினசோட்டா போனபோது மூன்றாவது ரகத்தைப் பார்த்தேன். ஏரிப் பக்கமே போகாமல், ராத்திரியெல்லாம் கராஜில் உட்கார்ந்து தூண்டிலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள். என் சித்தப்பா பையன் அந்த ரகம்.

ஜிக் என்றால் டான்ஸ் இல்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் பட்டாணி சைஸுக்கு ஈயத்தை வார்த்து ஒரு தலை வைத்திருப்பார்கள். தண்ணீரில் இறக்கி மேலும் கீழும் சுண்டினால், மீன் ஏதோ இரை என்று நம்பி வாயைத் திறக்கும். ஈயத்துக்குச் சொந்தமாக அழகு கிடையாது. அதனால் ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று மேக்கப். சாதா பெயின்ட் பாறையில் நாலு தரம் மோதினால் உரிந்துவிடும். எனவே பவுடர் பெயின்ட். நம் ஸ்டீல் பீரோவுக்கு அடிக்கிற அதே சமாசாரம்தான்.

செய்முறை சுலபம். ஜிக்கைச் சில விநாடி சூடாக்கு, பவுடரில் முக்கு, எடு. சூட்டில் பவுடர் உருகி ஒட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், டப்பாவில் இருக்கும் பவுடர் அழுந்திக் கிடக்கும். முக்கினால் திட்டுத்திட்டாகக் கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி அப்பிக்கொள்ளும்.

இதற்கு மருந்து காற்று. அடியிலிருந்து சீராகக் காற்று ஊதினால் பவுடர் தண்ணீர் மாதிரி தளும்பும். 1922-ல் ஃப்ரிட்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியர் நிலக்கரியை வாயுவாக்கப் பிடித்த வித்தை. 1950-களில் எர்வின் கெம்மர் இதையே பிளாஸ்டிக் பூச்சுக்குக் கொண்டுவந்தார். தம்பி அதைக் கராஜுக்குக் கொண்டுவந்துவிட்டான்: ஒரு துண்டு பிவிசி குழாய், நடுவே காபி வடிகட்டும் பேப்பர், அடிமூடியில் ஓட்டை போட்டு மீன்தொட்டி ஏர் பம்ப்பின் டியூப். பேப்பருக்கு மேல் பவுடர். ஸ்விட்சைப் போட்டான். பவுடர் பால் பொங்குகிற மாதிரி எழுந்தது.

"காத்து ஜாஸ்தியானா மூஞ்சியெல்லாம் ஆரஞ்சு அண்ணா" என்றான். பக்கத்தில் மெழுகுவத்தி கூடாது. பறக்கும் பவுடர் தீப்பிடிக்கும். முகமூடி அவசியம்.

கடைசியில், நூல் கட்டும் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, ஜிக்குகளை அவனில் தொங்கவிட்டு 350 டிகிரியில் கால்மணி நேரம் சுட வேண்டும். ஃபாரன்ஹீட்! நம்மூர்க் கணக்கில் 177. செல்ஷியஸ் என்று நினைத்தீர்களானால் ஈயம் 327-லேயே உருகி, முள் மட்டும் மிஞ்சும்.

இந்த அவனில்தான் குடும்பத்தில் குழப்பம். சமையலறை அவனைத் தூக்கப் போனவனைத் தம்பி மனைவி வாசலிலேயே மறித்தாள். "இரண்டு வயசுக் குழந்தை இருக்கிற வீடு. இதுல ஈயத்தைச் சுட்டீங்கன்னா, சாப்பாடும் அங்கேயே பாத்துக்குங்க!"

நூற்றுக்கு நூறு நியாயம். குழந்தை உடம்பில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, மூளையைத் தாக்கும். அன்றே பழைய டோஸ்டர் அவன் ஒன்று கராஜுக்கு வந்தது. அதில் இனி ரொட்டி கிடையாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது என்பதும் சட்டமாயிற்று.

ஏரியிலும் இதே கதைதான். மினசோட்டாவின் மாநிலப் பறவை லூன். அறுந்து விழுந்த ஈய ஜிக் ஒன்றை விழுங்கினாலே செத்துப்போகும். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 2016 முதல் ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகளுக்குத் தடை. "ஈயத்தை விட்டுடேன்டா" என்றேன். பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்து வார்க்கலாம். ஆனால் அந்தக் கலவை 138 டிகிரி செல்ஷியஸிலேயே உருகும்; 177-ல் சுட்டால் பாயசம். சுத்த வெள்ளீயம் 232 வரை தாங்கும். அடுத்த ஈடு அதில்தான் என்று மனைவி முன்னால் சத்தியம் செய்தான்.

"இதுவரை எத்தனை செஞ்சே?"

"இருநூறு அண்ணா."

"மீன்?"

"கலர் இன்னும் செட்டாகலை."