நூலகத்தின் மூணு படி

எங்க சேரியிலிருந்து ஊர்த்தெரு நூலகத்துக்கு அரை மைல். நடக்க முடியாத அக்கா மகனைத் தோளில் தூக்கிப் போனேன். வாசலில் மூணு படி, சாய்தளம் இல்லை. "இவனுக்கு எதுக்குப் புத்தகம்?" என்றார் நூலகர். எங்க தாத்தாவையும் இப்படித்தானே கேட்டார்கள்!

1948லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2010ல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு உண்டு. பார்வையில்லாத கிராமத்துப் பிள்ளை தினமும் சென்னைக்கா போகும்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய பொதுக்கட்டடங்களையும் மாற்றியமைக்கச் சொல்கிறது. தோழர்களே, உங்க ஊர் நூலகப் படிகளை எண்ணிப் பாருங்கள். சாய்தளமும் பிரெய்ல் நூலும் பேசும் புத்தகமும் கேட்டு, அந்தப் பிள்ளைகளோடு போய் மனுக் கொடுப்போம். அவனை நான் இன்னும் தூக்கிப் போகலாம். ஆனால் அவன் தானாப் போகணும்.